ரன்னிங் பேக் எங்கே நிற்க வேண்டும்? பிளாக்கிங்கில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓட்ட ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வரும் புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கை எங்காவது நிறுத்துவார்கள். பிறகு அவர் எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்ப்பார்கள். யார் யாரை பிளாக் செய்வது, அதாவது வழிமறித்துத் தள்ளுவது, என்ற கேள்வி கடைசியில்தான் வரும். ஒரு பள்ளி அணியில் பேக்குகளுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த முதல் பருவத்தில் நானும் இதையேதான் செய்தேன். எங்கள் பையன் நல்ல வேகம். ஆனால் பவர் என்ற ஓட்ட ஆட்டத்தைக் கூப்பிடும்போதெல்லாம், முன்வரிசையிலிருந்து வழி திறக்க ஓடிவரும் சொந்த அணி கார்டின் முதுகிலேயே போய் முட்டிக்கொள்வான். இரண்டு வாரம் அவனைத் திட்டித் தீர்த்த பிறகுதான் டேப் வைத்து அளந்தேன். நான் அவனை ஒன்றரை யார்டு முன்னால் நிறுத்தியிருந்தேன்.

அதனால் இங்கே வரிசை இதுதான்: எதிரணியை எண்ணுவது, பிளாக்கிங்கைத் தேர்வது, அதற்கேற்ப பேக்கின் ஆழம், அப்புறம் கால், கண், கை. நான்கு டவுன், 10 யார்டு என்ற அடிப்படை தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

மைதானத்துக்குப் போகும் முன் ஒரு மேசையும் 22 காசும் வேண்டும். 11 காசைப் பூ மேலே தெரியும்படியும் 11 காசைத் தலை மேலே தெரியும்படியும் வைத்தால் இரண்டு அணி தயார். பலகையில் அம்புக்குறி போட்டு வரையும்போது எல்லாமே அழகாக இருக்கும். காசை நகர்த்திப் பார்த்தால்தான் இரண்டு பேர் ஒரே இடத்தில் மோதுவது கைக்குத் தெரியும்.

மைதானத்தில் அளவு டேப் ஒன்றும் தட்டையான கோன் பத்தும் போதும். ஆழத்தைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள். 7 யார்டு என்று நினைத்து நிற்கும் பையன் 6-இல் நிற்பான், களைத்த பிறகு 5-இல் நிற்பான்.

பெயர்களை ஒரே மாதிரி சொல்லிப் பழக்குங்கள். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர் (அதுதான் ஸ்னாப்) சென்டர். அவருக்கு இரு பக்கமும் கார்டு, கார்டுக்கு வெளியே டேக்கிள், அதற்கும் வெளியே டைட் எண்ட். ஆளைப் பிடித்துச் சாய்ப்பதற்கும் டேக்கிள் என்றுதான் பெயர் என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். இந்தக் கட்டுரையில் டேக்கிள் என்றால் ஆள்தான். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ கேப், கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி கேப், அடுத்தது சி, டைட் எண்டுக்கு வெளியே டி. பந்து போகப்போகும் பக்கத்தை 'ஓடும் பக்கம்' என்றும் மற்றதைப் 'பின்பக்கம்' என்றும் சொல்கிறேன்.

எதிரணி லைன்மேன் (முன்வரிசை ஆள்) நிற்கும் இடத்துக்கு எண் உண்டு. சென்டருக்கு நேர் எதிரே 0, கார்டுக்கு நேர் எதிரே 2, கார்டின் வெளித்தோளில் 3, டேக்கிளின் வெளித்தோளில் 5, டைட் எண்டின் வெளித்தோளில் 9. இந்த ஐந்தும் மனப்பாடமானால் தொடக்கத்துக்குப் போதும்.

விதிகளில் நமக்கு வேண்டியவை சில. என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) விதிப்படி ஸ்னாப்பின்போது குறைந்தது 7 பேர் வரிசையில் நிற்க வேண்டும், பின்னால் நிற்பவர்கள் வரிசையிலிருந்து ஒரு யார்டாவது தள்ளி இருக்க வேண்டும். எல்லோரும் ஒரு நொடி அசையாமல் நின்ற பிறகு ஒருவர் மட்டும் நகரலாம், அதுவும் முன்னோக்கி அல்ல. ஸ்னாப்புக்கு முன் பேக் திடீரென்று துள்ளினால் 5 யார்டு போய்விடும்.

2. பாக்ஸை எண்ணுங்கள்

டேக்கிளிலிருந்து டேக்கிள் வரை, டைட் எண்ட் இருந்தால் அவர் வரை, பந்திலிருந்து 5, 6 யார்டு ஆழம் வரை ஒரு செவ்வகத்தை மனத்தில் போடுங்கள். அதுதான் பாக்ஸ். அதற்குள் எதிரணியினர் எத்தனை பேர்? இதை எண்ணாமல் ஓட்டம் கூப்பிடுவது, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் உலை வைப்பது மாதிரி.

கணக்கு எப்போதும் ஓடுகிற அணிக்குப் பாதகம்தான். நம் 11 பேரில் பந்தோடு ஓடுபவர் யாரையும் பிளாக் செய்வதில்லை. ஸ்னாப்பை வாங்கிப் பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக்கும் பெரும்பாலும் செய்வதில்லை. மிச்சம் 9. எதிரணிக்கு 11 பேரும் இருக்கிறார்கள். பாஸ் பிடிக்க அகலத்தில் நிற்கும் ரிசீவர்கள் சிலரை இழுத்துக்கொண்டு போவதாலும், எதிரணியின் கடைசிக் காவலான சேஃப்டிகள் ஒன்றிரண்டு பேர் ஆழத்தில் நிற்பதாலும்தான் ஓட்டம் என்ற ஒன்றே நடக்கிறது.

ஐந்து லைன்மேன், ஒரு டைட் எண்ட், ஆக 6 பிளாக்கர். பாக்ஸில் 6 பேர் என்றால் சரி, ஆளுக்கு ஆள். 7 பேர் என்றால் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, குவார்ட்டர்பேக் அவரைப் பார்த்து முடிவெடுக்கும் ஜோன் ரீட் ஆடலாம், அல்லது ஓடாமல் பாஸ் எறியலாம். ரன்னிங் பேக்குக்கு முன்னால் நின்று பிளாக் செய்யும் ஃபுல்பேக் ஒருவரைக் கூடுதலாகக் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வந்தால் எதிரணியும் இன்னொருவரை உள்ளே கொண்டுவரும், கணக்கு பழையபடியே நிற்கும்.

3. பிளாக்கிங்கைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு குடும்பங்கள்: ஜோன் (எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்து தன் பகுதியில் இருப்பவரைப் பிடிப்பது), கேப் (ஒரு குறிப்பிட்ட வாசலைத் திறப்பது). ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே ஆறு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அணிகளின் லைன்மேன்கள் ஸ்னாப்புக்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது எதிரணிக்குக் கொடுக்கும் பரிசு.

இன்சைடு ஜோனில் ஐந்து லைன்மேன்களும் ஒரே நேரத்தில் ஓடும் பக்கம் அடி வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி: என் எதிரிலோ, ஓடும் பக்கத்து என் கேப்பிலோ ஆள் இருக்கிறாரா? இருந்தால் அவர் என்னுடையவர். இல்லையென்றால் ஓடும் பக்கத்து அண்டை வீட்டுக்காரருக்குக் கை கொடுத்து, இருவருமாக அந்த எதிரணி லைன்மேனைப் பின்னுக்குத் தள்ளி, ஒருவர் மட்டும் கழன்று, எதிரணி லைன்மேன்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் ஏற வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இந்தக் கழல்வதில்தான். லைன்பேக்கரைப் பார்த்த உடனே ஓடிவிடுவார்கள், கீழே இருக்கும் 130 கிலோ ஆள் சும்மா உள்ளே வந்துவிடுவார். லைன்பேக்கர் தானாக நம்மிடம் வரும்வரை இருவரும் தோளோடு தோளாக இருப்பதுதான் சரி. பெரியவனை முதலில் நகர்த்து, சின்னவன் தானே வருவான் என்று எங்கள் பையன்களுக்குச் சொல்வேன்.

அவுட்சைடு ஜோனிலும் விதி அதேதான், அடி மட்டும் அகலம். எதிரணியைப் பக்கவாட்டில் ஓடவைத்து, அவர்களுக்குள் விரிசல் விழும்போது உள்ளே திரும்புவது நோக்கம். பயிற்சியாளர் மைக் ஷானஹானின் டென்வர் பிராங்கோஸ் அணியில், அலெக்ஸ் கிப்ஸ் லைனுக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில், ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 யார்டு ஓடியது இந்த அடிப்படையில்தான். பள்ளி அணிகளுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. மைதானத்தின் அகலம் 160 அடி. பள்ளி ஆட்டத்தில், பந்தை எந்த எல்லைக்குள் வைக்கலாம் என்று காட்டும் ஹாஷ் குறிகள் அதை மூன்று சம பாகமாகப் பிரிக்கும். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 53 அடிதான், மறுபக்கம் அதைப்போல இரு மடங்கு. குறுகிய பக்கம் அவுட்சைடு ஜோன் ஓடினால் எல்லைக்கோடே 12-வது தடுப்பாளர். என்எஃப்எல்லில் ஹாஷ் இடைவெளி 18 அடி 6 அங்குலம் மட்டுமே. தொலைக்காட்சியில் பார்த்ததை அப்படியே பள்ளி மைதானத்தில் செய்ய முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேப் குடும்பத்தில் பவரைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் பவர் என்று வைத்துக்கொள்வோம். வலது கார்டும் டேக்கிளும் சேர்ந்து 3-இல் நிற்பவரை இடித்துத் தள்ளுகிறார்கள். டைட் எண்ட் உள்நோக்கி லைன்பேக்கரிடம் போகிறார். ஃபுல்பேக் எதிரணி வரிசையில் கடைசியில் நிற்கும் லைன்மேனான எண்டை வெளியே இடித்துத் தள்ளுகிறார். இடது கார்டு தன் இடத்தைவிட்டுப் பின்னால் எழுந்து, வலப்பக்கம் ஓடிவந்து (இதைத்தான் 'இழுத்து ஓடுவது' என்கிறேன்), திறந்த வாசலில் நுழைந்து லைன்பேக்கரைச் சந்திக்கிறார். அவர் விட்டுப்போன இடத்தை சென்டர் அடைக்கிறார். இடது டேக்கிள் முதலில் உள்ளே ஓர் அடி வைத்து பி கேப்பை மூடிவிட்டுத்தான் வெளியே திரும்ப வேண்டும். இந்த ஓர் அடியை விட்டால் பின்னாலிருந்து ஒருவர் வந்து பேக்கின் காலைப் பிடிப்பார்.

கவுண்டர் இதன் தம்பி. பின்பக்கத்துக் கார்டு எண்டை வெளியே தள்ள, பின்பக்க டேக்கிள் அவர் பின்னாலேயே வந்து லைன்பேக்கரைப் பிடிப்பார். ஜோ கிப்ஸ் பயிற்சியில் 1980-களின் வாஷிங்டன் அணி இதை ஆடிப் புகழ் பெற்றது. பவர் கைவந்த பிறகு இதற்குப் போங்கள். கார்டுக்கு இழுத்து ஓடத் தெரியாத நிலையில் டேக்கிளையும் இழுத்தால் பின்பக்கம் திறந்த வீடாகிவிடும்.

4. பேக்கின் ஆழமும் அகலமும்

இப்போதுதான் பேக்கை நிறுத்த வேண்டும். கேள்வி ஒன்றே: பிளாக் உருவாக எவ்வளவு நேரம் ஆகும்? நேரம் அதிகம் வேண்டுமென்றால் பேக் ஆழத்தில் நிற்க வேண்டும்.

பேக்குகள் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் ஐ ஃபார்மேஷனில் குவார்ட்டர்பேக் சென்டருக்கு அடியில் கை வைத்து நிற்பார். ஃபுல்பேக் ஏறத்தாழ 4 யார்டில், ரன்னிங் பேக்கின் குதிகால் 7 யார்டில். பவரில் இடது கார்டு இரண்டு ஆள் அகலத்தைத் தாண்டி வர வேண்டும். 7 யார்டில் நிற்கும் பேக் வாசலை அடையும்போது கார்டு அப்போதுதான் நுழைந்திருப்பார். 5½-இல் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் பையன் கதை. அவனைப் பின்னால் தள்ளி நிறுத்திய முதல் பயிற்சியில், கார்டின் இடுப்பில் ஒரு கை வைத்தபடி வாசலில் நுழைந்தான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவுட்சைடு ஜோனுக்கும் இதே 7 பொருந்தும், ஏனென்றால் விரிசல் விழுவதைப் பார்க்க மூன்று காலடி தேவை. நேராக நடுவில் பாயும் டைவ் ஆட்டத்துக்கு 4 யார்டே போதும். அங்கே தாமதம்தான் எதிரி.

ஷாட்கனில் குவார்ட்டர்பேக் 5 யார்டு பின்னால் நிற்பார், பேக் அவருக்குப் பக்கத்தில். அகலம் எவ்வளவு? கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு நேர் பின்னால் என்று தொடங்குங்கள். மிக நெருங்கி நின்றால் குவார்ட்டர்பேக்கின் முன்னால் கடக்க இடமில்லை, மிக விலகினால் பந்து வாங்கவே தாமதம். கால்விரல் குவார்ட்டர்பேக்கின் குதிகாலுக்கு நேராக இருந்தால் எதிரணியை நோக்கி நேராக ஓடும் கோணம் கிடைக்கும். சமமாகவோ முன்னாலோ நின்றால் பக்கவாட்டில்தான் ஓட முடியும்.

ஷாட்கனின் பலவீனம் ஒன்று உண்டு. இடது பக்கம் நிற்கும் பேக் வழக்கமாகக் குவார்ட்டர்பேக்கின் முன்னால் கடந்து வலது பக்கம் ஓடுவார். பத்து ஆட்டம் பார்த்த லைன்பேக்கருக்கு இது தெரிந்துவிடும். அதனால்தான் அதே பக்கம் போகும் ஆட்டம் ஒன்றாவது கைவசம் வேண்டும், கவுண்டர் அதற்குப் பொருத்தம்.

பிஸ்டல் இந்தக் குறையைச் சரிசெய்கிறது. குவார்ட்டர்பேக் 4 யார்டில், பேக் அவருக்கு நேர் பின்னால் 7 யார்டில். பக்கம் காட்டிக்கொடுக்காது, எதிரணியை நோக்கி நேராக ஓடும் வேகமும் கிடைக்கும். நெவாடா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் கிறிஸ் ஆல்ட் 2005-இல் இதைக் கொண்டுவந்தார். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் புதிய அணிக்கு நான் பிஸ்டலைத்தான் சொல்வேன். பவர், இன்சைடு ஜோன் இரண்டுக்கும் பேக்கின் இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

5. நிற்கும் விதம்

பாதங்கள் தோள் அகலம், கைகள் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில், முதுகு நேர், எடை இரு பாதத்திலும் சமம். இதில் நுணுக்கம் பெரிதாக இல்லை. காட்டிக்கொடுக்காமல் இருப்பதுதான் வேலை.

ஓர் ஆட்டத்தில் எதிரணி லைன்பேக்கர் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முன் சரியான பக்கத்தைக் கத்திக்கொண்டிருந்தான். இடைவேளையில் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தோம். எங்கள் பேக் ஓட்டமென்றால் கையைத் தொடையில் வைத்தான், பாஸ் என்றால் தொங்கவிட்டான். போதாக்குறைக்கு, ஓடப்போகும் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே தலையைத் திருப்பிக்கொண்டான். கண்ணை எதிரணி முழுவதும் இடமிருந்து வலமாக ஓட்டிவிட்டு, நடு லைன்பேக்கரில் நிறுத்தப் பழக்குங்கள். எல்லா ஆட்டத்துக்கும் அதே மாதிரி.

6. முதல் அடி, குறி, பார்வை

இன்சைடு ஜோனில் குறி ஓடும் பக்கக் கார்டின் உள்கால். முதல் இரண்டு அடி அவசரமில்லாமல், தோள் எதிரணிக்கு நேராக. பார்க்க வேண்டியவர் சென்டரைத் தாண்டி ஓடும் பக்கத்தில் முதலில் நிற்கும் எதிரணி லைன்மேன். அவர் வெளியே தள்ளப்பட்டால் அவருக்கு உள்ளே நேராகப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் அவருக்கு வெளியே. மொத்த வரிசையும் ஓடும் பக்கமே சரிந்துவிட்டால் பின்பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் குறியை நோக்கி உண்மையாகவே ஓடிய பிறகுதான் திரும்ப வேண்டும். ஆரம்பத்திலேயே திரும்பினால் லைன்பேக்கரும் கூடவே திரும்பிவிடுவார், அவரிடம் ஏறிப்போன நம் ஆள் வெறுங்கையோடு நிற்பார்.

அவுட்சைடு ஜோனில் குறி டேக்கிளின் வெளிக்கால் அல்லது டைட் எண்டின் இடுப்பு. முதலில் கடைசி ஆளைப் பார்க்க வேண்டும். நம் ஆள் அவரை உள்ளே மடக்கிவிட்டால் வெளியே ஓடலாம். அவர் வெளியே விரிந்தால் கண் அடுத்த உள் ஆளுக்குப் போக வேண்டும். மூன்றாவது அடியில் காலை ஊன்றி, ஒரே ஒரு திருப்பம், அப்புறம் நேராக முன்னோக்கி. இரண்டாவது திருப்பம் எடுக்கும் பையனை நான் உட்காரவைத்துவிடுவேன். பக்கவாட்டில் ஓடவைத்த எதிரணிக்கு நின்று மூச்சுவிட நேரம் கொடுப்பது அதுதான்.

பவரில் பார்வை இழுத்து வரும் கார்டின் உள் இடுப்பில். அவர் லைன்பேக்கரை எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். முதல் அடி மட்டும் மெதுவாக. 'மெதுவாகப் போய் வேகமாக வெளியே வா' என்று பாதி பயிற்சியாளர்கள் கத்துவது இதைத்தான். கபடியில் கோட்டைத் தாண்டியவுடனே கண்ணை மூடிக்கொண்டு பாயும் ரைடர் என்ன ஆவார் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

7. பந்து கைமாறும் இடம்

குவார்ட்டர்பேக் பக்கத்துக் கையின் முழங்கை மேலே, மறு கை வயிற்றுக்குக் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி. அந்தப் பையில் பந்தை வைப்பது குவார்ட்டர்பேக்கின் வேலை. பேக் பந்தைப் பார்க்கவே கூடாது. அவருடைய கண் லைனில் இருக்க வேண்டும். பந்தைப் பார்த்த அரை நொடியில் மேலே சொன்ன எந்தப் பார்வையும் நடக்காது. உள்பக்க முழங்கை தாழ்ந்தால் பந்து அதில் பட்டுத் தெறிக்கும். தொடக்கக்காரர்கள் பந்தை நழுவவிடுவதில் பாதிக்கு மேல் இதனால்தான் என்பது என் அனுபவம்.

ஜோன் ரீட் என்றால் கூடுதலாக ஒன்று. பின்பக்க எண்ட் பேக்கைத் துரத்தி உள்ளே வந்தால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார், எண்ட் அப்படியே நின்றால் கொடுத்துவிடுவார். அந்த முடிவு வரும்வரை பேக் பந்தை இறுக்கிப் பிடுங்கக் கூடாது. மெதுவாக மூடியபடி ஓடினால் போதும்.

8. பாஸ் ஆட்டத்தில் பேக்கும் ஒரு பிளாக்கர்தான்

நிற்கும் இடம் இங்கேயும் பிளாக்கிங்கிலிருந்துதான் வருகிறது. எளிய ஏற்பாடு ஒன்று: சென்டரும் இடது பக்கத்து இருவரும் இடது நோக்கிச் சரிவார்கள், வலது கார்டும் டேக்கிளும் எதிரே உள்ளவரை ஆளுக்கு ஆள் பிடிப்பார்கள். வலது பக்கத்து லைன்பேக்கர் பேக்கின் பொறுப்பு. அப்படியானால் பேக் வலது பக்கம்தான் நிற்க வேண்டும். இடது பக்கம் நிறுத்தினால் குவார்ட்டர்பேக்கின் காலடியில் புகுந்து அவர் கடக்க வேண்டியிருக்கும்.

பார்வை உள்ளிருந்து வெளியே. குவார்ட்டர்பேக்கை அடையக் குறுகிய வழி நடுவில்தான் இருக்கிறது, எனவே உள்ளே வருபவர் முதலில். வருபவரைக் குவார்ட்டர்பேக் அருகில் நின்று வரவேற்காமல், ஓர் அடி முன்னே போய், உள்தோளைக் குறிவைத்துப் பிடிக்க வேண்டும். யாரும் வரவில்லையென்றால் வெளியே ஓடி பாஸ் வாங்கத் தயாராகலாம். லைன்மேன் ஒருவர் ஏற்கெனவே பிடித்திருக்கும் ஆளின் காலில் பேக் போய் விழக் கூடாது. அது சாப் பிளாக், 15 யார்டு. என்எஃப்எல் 2016-இல் அதை முற்றிலும் தடைசெய்தது.

9. பயிற்சி வரிசையும் பிழை தேடும் வரிசையும்

முதலில் லைன் மட்டும், பேக் இல்லாமல், நடை வேகத்தில். இன்னொரு மூலையில் குவார்ட்டர்பேக்கும் பேக்கும், கோன்கள் மட்டும் வைத்து. இரண்டும் தனித்தனியே சரியான பிறகு சேருங்கள். முதல் நாளே 22 பேரையும் நிறுத்தினால் எங்கே தவறு என்று யாருக்கும் தெரியாது.

வீடியோவைப் பக்கவாட்டில் எடுக்காமல் கோல் கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இருந்து எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் கேப் தெரியாது. ஒரு மடிப்பு ஏணியும் போனும் போதும், ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆட்டம் கெட்டால் இந்த வரிசையில் பாருங்கள். ஸ்னாப்பின்போது குதிகால் கோனில் இருந்ததா? முதல் அடி குறியை நோக்கியா? கண் பந்தில் இருந்ததா, லைனில் இருந்ததா? மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் லைன் பயிற்சியாளரிடம் போய்ப் பேசுங்கள். அதற்கு முன்னால் போனால், உங்கள் பையன் எத்தனை யார்டில் நின்றான் என்றுதான் அவர் முதலில் கேட்பார்.